குட்டிப் பாம்பு உறைந்த எலியைத் தொட மாட்டேன் என்கிறதா? முதல் வாய் விழுங்கும் வரை செய்ய வேண்டியவை

சுருளி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எடை 58 கிராம். பால் பைத்தான் குட்டி, நான் இருக்கும் இங்கிலாந்தில் இதை ராயல் பைத்தான் என்பார்கள். பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், 'பால்' (ball, பந்து) என்ற பெயர் அப்படி வந்ததுதான். விற்றவர் "மூன்று தடவை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது" என்றார். பொய் இல்லை. ஆனால் சாப்பிட்டது உயிரோடு ஓடிய சுண்டெலிக்குஞ்சை, என் ஃப்ரீசரில் இருந்ததோ கல்லாக உறைந்த எலிக்குஞ்சு. அதை உருக்கி நீட்டினேன், முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்புறம் ஏழு வாரம் இதே கதைதான். மதுரையிலிருந்து வீடியோ காலில் அம்மா, "கிண்ணத்துல பாலும் முட்டையும் வச்சுப் பாருடா, புத்துல ஊத்துனா குடிக்குதுல்ல" என்றார். குடிப்பதில்லை அம்மா, பாம்புக்குப் பால் செரிக்காது என்று விளக்கப்போய் அரை மணி நேரம் போயிற்று.

அந்த ஏழு வாரத்தில் நான் செய்த தப்பு, இரண்டு நாளைக்கு ஒருமுறை எலியை நீட்டியதும், இணையத்தில் படித்த தந்திரங்களை எல்லாம் ஒரே ராத்திரியில் செய்து பார்த்ததும். எது வேலை செய்தது, எது பயமுறுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரிசை முக்கியம், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், இரண்டு முயற்சிகளுக்கு நடுவே ஐந்து முதல் ஏழு நாள். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பாம்புகள் சாப்பிட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் மலைப்பாம்பையோ சாரையையோ பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது. இந்த வழிகாட்டி, சட்டப்படி வளர்க்கக்கூடிய ஊரில், பண்ணையில் பிறந்த குட்டியை வைத்திருப்பவர்களுக்கு.

உயிருள்ள எலியையே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். எலிக்குப் பல் இருக்கிறது. பசியில்லாத பாம்போடு ஓர் எலியை ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் காலையில் பாம்பின் முதுகில் எலும்பு தெரியும் அளவுக்குக் கடித்துக் குதறியிருப்பது உண்டு. எலியின் வேதனை ஒரு பக்கம். இது தவிர, வாரா வாரம் உயிருள்ள எலி வாங்கி வருவதைவிட ஃப்ரீசரில் மூன்று மாதச் சரக்கு இருப்பது எவ்வளவு நிம்மதி என்று ஒருமுறை பழகினால் தெரியும்.

எலியை எடுப்பதற்கு முன்

பாம்பு வந்த அன்றே சாப்பாடு நீட்டாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் தொடவே கூடாது, தண்ணீர் மாற்றுவதோடு சரி. முட்டையிலிருந்து வந்த குட்டி வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை வைத்தே சில நாள் ஓட்டும், முதல் சட்டையை உரித்த பிறகுதான் சாப்பாட்டு நினைப்பே வரும். சட்டை உரிப்பதற்கு முந்தைய நாட்களில் கண் நீலம் பூத்து மங்கலாக இருக்கும், அப்போதும் பெரும்பாலானவை சாப்பிடாது. அது அடம் இல்லை, கண் சரியாகத் தெரியாத நேரம். உரித்து முடித்து இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள், பசியும் நன்றாக இருக்கும்.

விற்றவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: கடைசியாக என்று சாப்பிட்டது, சுண்டெலியா பெரிய எலியா, உயிரோடா உருக்கியதா. நான் இதைக் கேட்காமல் விட்டதற்குத்தான் ஏழு வாரம் அனுபவித்தேன்.

அடுத்தது தொட்டி. பாம்பு சாப்பிடவில்லை என்று உதவி கேட்டு என்னிடம் வருபவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் கோளாறு எலியில் இருப்பதில்லை, தொட்டியில்தான் இருக்கிறது. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம் பகல் முழுக்க எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் முடங்கிக் கிடக்கிற பிராணி. நம் கதைகளில் வரும் புற்றுப் பாம்பு மாதிரியேதான். அதன் குட்டியைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே விளக்கு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி என்று வைத்தால் நடுச்சாலையில் விட்ட மாதிரி உணரும். பயந்த பாம்பு சாப்பிடாது. ஆகவே:

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டிலும் உடம்பு நாலாபக்கமும் உரசுகிற அளவு சின்ன மறைவிடம். நுழையும் வாசல் குட்டியின் உடம்பு போகும் அளவுக்கு மட்டும். பெரிய மறைவிடம் அதற்கு மறைவிடமே இல்லை. மீதி இடத்தில் காய்ந்த இலை, மரப்பட்டை, கசக்கிய காகிதம் என்று போட்டு நிரப்புங்கள், அழகு பிறகு பார்க்கலாம். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல். ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு) எதுவானாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், பாம்பின் வயிறு வெந்துவிடும். தொட்டிச் சுவரில் ஒட்டுகிற கடிகார மாதிரி வெப்பமானியை நம்பாதீர்கள், அது காற்றின் சூட்டைக் காட்டும், பாம்பு படுத்திருக்கும் தரையின் சூட்டைக் காட்டாது. நுனியில் கம்பி நீண்ட டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். சூடு போதாத பாம்பு விழுங்கினாலும் செரிக்காமல் கக்கிவிடும், அது சாப்பிடாமல் இருப்பதைவிட மோசம்.

இத்தனைக்கும் மேல் பெரிய தொட்டியாக இருந்தால், குட்டி சாப்பிடத் தொடங்கும் வரை ஷூ டப்பா அளவுள்ள, மூடி இறுகும், காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. வேலை செய்யும்.

எந்த அளவு எலி

குட்டியின் உடம்பில் எந்த இடம் தடிமனோ அந்தத் தடிமன், அல்லது ஒரு நூல் அதிகம். பால் பைத்தான் குட்டிக்கு எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம். கடைகளில் ரோமம் முளைக்காததைப் பிங்கி என்பார்கள், பூனைமயிர் படர்ந்ததை ஃபஸி என்பார்கள், கண் திறந்து குதிக்கத் தொடங்கியதை ஹாப்பர் என்பார்கள். பால் பைத்தான் குட்டிக்கு ஹாப்பர் சுண்டெலியோ, பெரிய எலியின் குஞ்சோ சரியாக இருக்கும். சோளப்பாம்பு என்கிற கார்ன் ஸ்னேக் குட்டி பென்சில் தடிமன்தான், அதற்குப் பிங்கி சுண்டெலி. மறுக்கும் குட்டிக்குச் சந்தேகம் வந்தால் சின்னதையே கொடுங்கள்.

உருக்குவது

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், நானும்தான்.

முந்தைய நாள் ராத்திரியே எலியை ஜிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில், மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். (வீட்டில் யாரும் அந்த டப்பாவைத் தயிர் என்று திறக்காதபடி பெரிதாக எழுதி ஒட்டுவது குடும்ப அமைதிக்கு நல்லது.) அவசரம் என்றால் பையோடு சாதாரணத் தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போடலாம். எடுத்து வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. நடுவில் பனிக்கட்டியோடு விழுங்கினால் கக்கும்.

முழுக்க உருகிய பிறகு, கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, கை பொறுக்காத சூட்டில், சுமார் 50 டிகிரி தண்ணீரில், பையோடு முக்கி வையுங்கள். எலியின் தோல் 38 முதல் 40 டிகிரிக்கு வர வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வைத்திருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், தோல் வெந்து வயிறு கிழியும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெடிக்கும், பாதி வெந்து பாதி பச்சையாக இருக்கும், அப்புறம் வீட்டில் உங்களை யாரும் சமையலறைக்குள் விட மாட்டார்கள்.

இந்தச் சூடு எதற்கு என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். வெப்பத்தைப் பார்க்கும் கண்கள் அவை. சுற்றுப்புறத்தைவிடச் சூடாக ஒன்று அசைந்தால் அது இரை. தொட்டி 31 டிகிரியில் இருக்கும்போது நீங்கள் 30 டிகிரியில் ஓர் எலியை நீட்டினால் அதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, நாற்றமடிக்கும் ஒரு பொருள் நகர்கிறது, அவ்வளவுதான். அதனால் எலியைத் தொட்டியின் குளிர்ந்த பக்கத்தில் காட்டுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெளியே எடுத்த இரண்டு நிமிடத்தில் குஞ்சு எலி ஆறிவிடும், எனவே சுடுதண்ணீர்க் கோப்பையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மறுபடி முக்கி, துடைத்து, காட்டுங்கள். ஈரம் சொட்டச் சொட்டக் கொடுக்காதீர்கள், ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் காட்டினால் ரோமமும் உலரும், மணமும் அறையெங்கும் பரவும்.

சுத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறைய வைத்தால் சால்மொனெல்லா சாகாது. பிரிட்டனில் 2015 முதல் பல ஆண்டுகள் நீடித்த ஒரு சால்மொனெல்லா நோய்ப்பரவலுக்கு ஊர்வனவற்றுக்காக விற்ற உறைந்த சுண்டெலிகளே காரணம் என்று கண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், அதில் குழந்தைகள் அதிகம். எலிக்கென்று தனிக் கோப்பை, தனி இடுக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல், ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பக்கத்தில் விடாமலிருத்தல். பாம்பு தொடாத எலியைக் குப்பையில் போடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள்.

நீட்டுவது

இருட்டிய பிறகு, அறை விளக்கை அணைத்து, மங்கிய வெளிச்சத்தில். பாம்பை வெளியே எடுக்காதீர்கள், மறைவிடத்தைத் தூக்கிப் பார்க்காதீர்கள். சூடாக்கிய எலியின் மணம் தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் இருக்கட்டும், பல தடவை குட்டி தானாகவே மறைவிட வாசலில் தலையை வைத்துக் காத்திருக்கும். அந்தத் தலைதான் பச்சைக்கொடி.

குறைந்தது ஓரடி நீளமுள்ள இடுக்கியால் எலியின் இடுப்புப் பக்கம் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி, பக்கவாட்டிலிருந்து தரையோடு தரையாகக் கொண்டுவாருங்கள். மேலிருந்து வருவது பருந்து, எலி தரையில்தான் வரும். ஒரு சாண் தள்ளி நிறுத்தி லேசாக அசையுங்கள், நிறுத்துங்கள், எலி நுகர்ந்துகொண்டே நகர்வது மாதிரி. மூஞ்சியில் தட்டாதீர்கள். நானும் முதல் மாதம் மூக்கில் இடித்து இடித்துத்தான் பார்த்தேன், ஒவ்வொரு இடிக்கும் அது ஓர் அங்குலம் பின்னால் போயிற்று.

நாக்கு நிதானமாக நீண்டு நீண்டு வந்து, கழுத்து எஸ் வடிவில் பின்னால் மடிந்தால் குறி பார்க்கிறது என்று அர்த்தம். அப்போது மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள். தலையை உடம்புக்குள் புதைத்தாலோ, வேகமாகப் பின்வாங்கினாலோ பயந்துவிட்டது, அன்றைக்கு நிறுத்துங்கள். கொத்திச் சுற்றிக்கொண்டால் இடுக்கியால் ஒரே ஒரு முறை மெல்ல இழுத்துவிட்டு விட்டுவிடுங்கள், இரை திமிறுகிறது என்று நம்பி இன்னும் இறுக்கும். பிறகு சிலை மாதிரி நில்லுங்கள். சுற்றிய பாம்பு பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் கிடக்கும், அப்புறம்தான் தலையைத் தேடும். அந்த நேரத்தில் போன் வெளிச்சத்தில் படம் எடுக்கப்போய் எலியைக் கைவிட வைத்தவர்கள் ஏராளம்.

கால் மணி நேரம் ஆகியும் கொத்தவில்லையா? மறுபடி ஒரு முறை சூடாக்கி, மறைவிட வாசலில் ஒரு காகிதத் தட்டில் எலியை வைத்து, விளக்கை அணைத்து, தொட்டிமேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுங்கள். காலை வரை எட்டிப் பார்க்கக் கூடாது. கூச்சமுள்ள குட்டிகளுக்கு இது ஆட்டிக்காட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும். சோளப்பாம்புக் குட்டிக்கு இதையே இன்னும் சுருக்கி, காற்றுத் துளையிட்ட சின்ன டப்பாவில் பாம்பையும் பிங்கியையும் ஒரு கசக்கிய காகிதத்தையும் போட்டு, அந்த டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே ராத்திரி வைக்கலாம். ஹீட் மேட்டுக்கு நேர் மேலே வேண்டாம், டப்பாவுக்குள் சூடு ஏறினால் தப்பிக்க வழியில்லை.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தொடவில்லை என்றால்

இப்போதுதான் தந்திரங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று.

முதலில் கழுவிப் பாருங்கள். ஃப்ரீசர் வாடையும் கடை வாடையும் சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிடிப்பதில்லை. மணமில்லாத சோப்புத் துளியால் எலியைக் கழுவி, நன்றாக அலசி, உலர்த்திச் சூடாக்கிக் கொடுங்கள். சோளப்பாம்புக் குட்டிகள் பலவற்றுக்கு இது போதும்.

அடுத்து இனத்தை மாற்றுங்கள். பெரிய எலிக்குஞ்சைத் தொடாதது சுண்டெலியைக் கொத்தும். சுருளிக்கு அதுதான் நடந்தது, முன்பு பழகியது சுண்டெலி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிடைத்தால் ஆப்பிரிக்க மென்மயிர் எலியையும் பார்க்கலாம், பால் பைத்தானின் சொந்த ஊரில் திரியும் எலி அது.

மூன்றாவது, மணம் ஏற்றுவது. உயிருள்ள சுண்டெலியோ ஜெர்பில் என்கிற எலி வகையோ வளர்க்கும் நண்பரிடம் அழுக்கான மரத்தூள் ஒரு கைப்பிடி வாங்கி, உருக்கிய எலியை அதோடு ஒரே பையில் போட்டுச் சூடாக்குங்கள். காட்டில் பால் பைத்தான் குட்டிகள் பறவைக் குஞ்சுகளையும் தின்னும், அதனால் கோழிக்குஞ்சின் தூவியை எலியின் மூக்கில் ஒட்டுவதும் சிலருக்குப் பலித்திருக்கிறது. சோளப்பாம்புக் குட்டி இயற்கையில் பல்லி, ஓணான் வகைகளையும் தவளையையும் பிடிக்கும், அதற்குப் பல்லி உரித்த தோலைத் தேய்த்துக் கொடுங்கள். ஹாக்நோஸ் என்கிற பன்றிமூக்குப் பாம்பு தேரைப் பிரியன், அது தகரத்தில் அடைத்த சூரை மீனின் தண்ணீருக்குக்கூட மசியும். எண்ணெயும் உப்பும் இல்லாத தகரமாகப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து வேளை சாப்பிட்ட பிறகு மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் மீன் தண்ணீரோடு நிற்க வேண்டியதுதான்.

நாலாவது கொஞ்சம் அருவருப்பானது. உருக்கிய எலியின் மண்டையில் ஊசியால் சின்னதாகக் கிழித்து, உள்ளிருப்பது மூக்கு நுனிவரை கசியும்படி செய்வது. அந்த மணத்துக்குப் பல பிடிவாதக் குட்டிகள் இறங்கிவருகின்றன. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள், அதாவது நீங்கள் சாப்பிட்ட உடனே.

வாயைத் திறந்து திணிப்பது இந்த வரிசையில் இல்லை. குட்டியின் தாடை தீக்குச்சி மாதிரி, தவறாகப் பிடித்தால் முறியும், பயம் இன்னும் ஒரு மாதம் நீடிக்கும். கழுத்தைப் பிடித்துச் சின்னப் பிங்கியின் தலையைப் பல்லில் மாட்டிவிடும் முறை ஒன்று உண்டு, செய்து பழகியவர் பக்கத்தில் நின்று காட்டினால் மட்டும் செய்யுங்கள். வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

எப்போது பயப்பட வேண்டும்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், 1 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசில் எடை போட்டு எழுதுங்கள். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் அசராது, குட்டிக்கு அந்தச் சேமிப்பு இல்லை. சுருளி ஏழு வாரத்தில் 58-லிருந்து 54-க்கு வந்தது, அது தாங்கக்கூடியது. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், முதுகெலும்பு கத்தி முனை மாதிரி எழும்பித் தெரிந்தால், தோல் மடிப்பு விழுந்தால், காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். மூச்சில் சீழ்க்கை, வாயோரம் நுரை, ஈறு வீக்கம், தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுப் பொடி மாதிரி மிதக்கும் உண்ணிகள் இவற்றில் ஏதாவது இருந்தால் எடை குறையாவிட்டாலும் போக வேண்டும். நோயுள்ள பாம்பிடம் இந்தத் தந்திரம் ஒன்றும் எடுபடாது. போகும்போது எடைக் குறிப்பையும், தொட்டியின் இரண்டு பக்கச் சூட்டையும் எழுதி எடுத்துப் போனால் மருத்துவரின் முதல் பத்துக் கேள்விகள் மிச்சம்.

சாப்பிட்ட பிறகு

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, ஷூ டப்பா, கசக்கிய காகிதம், சூடாக்கிய ஹாப்பர் சுண்டெலி, விளக்கு அணைப்பு. காலையில் தட்டு காலி, மறைவிடத்துக்குள் நடு உடம்பில் ஒரு புடைப்பு. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை, ஏனென்றால் அடுத்த 48 மணி நேரம் அதைத் தொடவும் கூடாது, அதிர வைக்கவும் கூடாது.

முதல் வேளை ஜெயித்த மகிழ்ச்சியில் அடுத்த நாளே பெரிய எலியைக் கொடுக்காதீர்கள். ஏழு நாள் விட்டு, அதே அளவு, அதே எலி, அதே கிழமை, அதே டப்பா. எதையும் மாற்றாமல் மூன்று வேளை. அதுவரை கையில் எடுத்துக் கொஞ்சுவதும் கிடையாது. கக்கிவிட்டால் உடனே மறுபடி நீட்டாமல் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, சூட்டைச் சரிபார்த்து, பாதி அளவு எலியில் தொடங்குங்கள், இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர். பெரிய எலிக்கு மாற்ற நினைத்தால் குறைந்தது ஐந்தாறு வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட பின், சுண்டெலியோடு ஒரே பையில் போட்டு உருக்கி வாடையை ஏற்றிக் கொடுங்கள். சுருளி அதற்கும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. இப்போது 400 கிராமைத் தாண்டிவிட்டது, ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தத்துக்கே தலையை வெளியே நீட்டுகிறது, நான் ஐஸ்கிரீம் எடுக்கப் போனாலும்.